சாவுக்கு விலாசம்

காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. பல் விளக்கினான். முகம் மழித்தான். முந்தின நாள் துவைத்த சட்டையை இஸ்திரி போட்டான். முன்னறையில் சித்தியின் தையல் மெஷின் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. பள்ளிச் சீருடை, முப்பது அரைக்கால் சட்டை, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். மேசைமேல் டீயும் இரண்டு துண்டு ரொட்டியும் மூடி வைத்திருந்தாள். தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். ஆறரை பஸ்ஸைப் பிடித்தான். அவன் மனைவி செத்து இரண்டு மாதமும் பத்து நாளும் ஆகியிருந்தன. அதற்காக பஸ் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

நாலாவது நிறுத்தத்தில் பஸ் பாதி காலியாகும். அங்கே இறங்குகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் அல்ல. மூடிப்போன நாற்காலிக் கடையின் மாடிக்குப் போகிறவர்கள். அங்கேதான் மறுமொழியார் இருந்தார். ஏழு மணிக்குக் கதவு திறக்கும். ஐந்து மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். வங்கி மேலாளர் அம்மாள் குடையோடு நிற்பார். அவருக்குப் பின்னால் டாக்சி ஓட்டுகிறவர். அவருக்குப் பின்னால், அப்பா விட்டுப்போன பேக்கரிக்காக இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும். ஏமாறுவதற்கு என்று வந்துவிட்டால் நம் ஜனங்களிடம் படித்தவன் படிக்காதவன் என்ற பேதமே கிடையாது. சமத்துவம் என்றால் அதுதான் சமத்துவம்.

மாடிப்படியில் ஒரு பலகை: 'சொல்லாமல் போனவர் சொல் இங்கே கிடைக்கும்.'

மறுமொழியாரின் தொழிலுக்கு இரண்டு வாசல். முன்வாசல் உயிரோடு இருப்பவர்களுக்கு. அவருடைய வீடியோ எல்லோர் செல்பேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை ஜிப்பா, நரைத்த தாடி, தேன் தடவிய குரல்.

"உயில் எழுதறது, சாவுக்கு நாமளே விலாசம் எழுதிக் குடுக்கற மாதிரி. அது பாட்டுக்குத் தெரு தெரியாம எங்கேயோ சுத்திக்கிட்டு இருக்கும். அதை ஏன் கூப்பிட்டு வீட்டைக் காட்டறீங்க?"

ஜனங்கள் கை தட்டினார்கள். உயிலை எழுதவில்லை. எழுதாமலும் செத்தார்கள். சாவு விலாசம் கேட்காமலேயே வந்து போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. செத்தவர் என்ன நினைத்தார், யாருக்கு எதைக் கொடுக்க விரும்பினார் என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அடித்து ஓய்ந்ததும் பின்வாசல் வழியாக மறுமொழியாரிடம் வந்தார்கள். அவர் ஆவியை இறக்கி, அதன் விருப்பத்தை வாங்கிச் சொன்னார். நோயை விற்றவரே மருந்தையும் விற்றார். ரசீது மட்டும் தரவில்லை.

அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். செத்தவரின் செல்பேசியை இரண்டு நாள் முன்னதாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது இருட்டுப் பெட்டியில் 'ஊற' வேண்டும். முற்காலத்து ஆவிகள் மரத்தில் தொங்கின. இக்காலத்து ஆவிகள் செல்பேசியை விட்டுப் பிரிய மனமில்லாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம். கூடவே, செல்பேசியைத் திறக்கிற எண்ணையும் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். ஏன் என்று ஒரே ஒருத்தி கேட்டிருக்கிறாள். "பூட்டின வீட்டுக்குள்ள ஆவி எப்படிம்மா வந்து போகும்?" என்று மறுமொழியார் திருப்பிக் கேட்டார். அவள் வெட்கப்பட்டுப்போய் எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தும், பஸ்ஸில் பேசிக்கொள்வதைக் கேட்டும் போனவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. ஆனால் அந்த மாடிக்குத் தன்னையும் ஒருநாள் இழுப்பார்கள் என்று நினைக்கவில்லை.

இழுத்தது மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்து, சாவுக்கு வந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இரண்டு வருடம் ஆகிவிட்டது.

"மாப்ளே, நான் கெட்டவன் இல்ல," என்று ஆரம்பித்தார்.

அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று சித்திக்குத் தெரியும். மெஷினை நிறுத்தினாள்.

"வீட்டை வித்துடலாம். வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். எங்க அப்பா எனக்கும் அவளுக்கும் எழுதி வெச்ச வீடு. உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. சித்தியைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் கூட்டிட்டுப் போறேன். பால்கனியை அடைச்சு ஒரு கட்டில் போட்டிருக்கோம்."

"மெஷினை எங்கடா போடறது, கட்டிலுக்கு மேலயா?" என்றாள் சித்தி.

"இந்த வயசுல எதுக்கு சித்தி தையல்?"

"இந்த மெஷின்ல தச்சுத்தாண்டா உன்னை இஞ்சினியர் ஆக்கினேன். அப்ப எதுக்குன்னு நீ கேக்கலையே."

 தாய் இல்லாத அண்ணன் தங்கை இரண்டு பேரையும் வளர்த்தவள் சித்தி. வளர்த்ததற்குச் சட்டத்தில் பங்கு கிடையாது. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. அதே தெருவில் முப்பது வருட வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களையும் பால்கனியில் அடைக்க முடியாது.

அவன் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தான். மனைவி தன் அலுவலகத்தில் டைப் அடித்த ஒரே பக்கம். சித்தி உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்க வேண்டும், அதுவரை வீட்டை யாரும் விற்கக் கூடாது என்று தெளிவாக இருந்தது. மச்சான் இரண்டு முறை படித்தார். கடைசியில் தாளைத் திருப்பியும் பார்த்தார்.

"கையெழுத்து இல்லையே மாப்ளே. சாட்சியும் இல்ல. யார் வேணும்னாலும் டைப் அடிக்கலாம்."

அவன் முன்பே போய்க் கேட்ட வக்கீலும் அதையேதான் சொல்லியிருந்தார், கொஞ்சம் நீளமாக. கையெழுத்துக்கு முன்னால் மூச்சு முந்திக்கொண்டுவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"அப்ப நான் பொய் சொல்றேனா மச்சான்?"

"சேச்சே. அவளையே கேட்டுடுவோம்ங்கறேன். மறுமொழியார்கிட்ட டோக்கன் போட்டாச்சு. விக்காதேன்னு அவ வாயால வந்துட்டா, சத்தியமா நான் ஒரு செங்கல்லைத் தொட மாட்டேன். வித்துடுன்னு வந்தா நீங்க கையெழுத்துப் போட்டுடணும். சரியா?"

"போடா முட்டாள்!" என்றாள் சித்தி.

"சரி," என்றான் அவன்.

சித்தி அவனை முறைத்தாள். அவன் சொன்னான்: "மச்சான் நம்புறது அந்த ஆளை மட்டும்தான் சித்தி. அங்க போய்த்தான் பேசணும்."

"அவ ஃபோனைக் குடுங்க மாப்ளே, ஊறணும்."

"நாளைக்குத் தரேன்."

நகரத்துக் குடிநீரைச் சோதிக்கிற ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. தினமும் நாற்பது புட்டி வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருக் குழாயில் பிடித்தது. சில சமயம் சோதிக்காமலே குத்துமதிப்பாக முடிவு எழுதிவிடுகிற சோம்பேறிகள் உண்டு. அவர்களைப் பிடிக்க அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மேலதிகாரி நாற்பதோடு நாற்பத்தொன்றாக ஒரு பொய்ப் புட்டி வைப்பார். காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரை ஊற்றி, சாக்கடைக்கு அடுத்த தெருவின் பெயரை ஒட்டியிருப்பார். 'கிருமி உண்டு' என்று எவன் எழுதுகிறானோ அவன் புட்டியைத் திறக்கவில்லை, சீட்டை மட்டும் படித்திருக்கிறான் என்று அர்த்தம்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவன் ஒரு பொய்ப் புட்டி தயார் செய்தான்.

மனைவியின் செல்பேசியைத் திறந்து, அவள் குறிப்பு எழுதுகிற இடத்தில் எழுதினான். 'கர்னலுக்கு ஊசி, செவ்வாய்.' இன்னொன்று: 'கர்னலுக்குப் புதுக் கழுத்துப் பட்டை வாங்க வேண்டும்.' மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்தான். 'நான் இல்லாவிட்டால் கர்னலை யார் பார்த்துக்கொள்வார்கள்? பாவம், வாய் இல்லாத ஜீவன்.' பிறகு வாசலுக்குப் போய், காவலாளியின் கறுப்பு நாயைப் படம் எடுத்து அதிலேயே சேர்த்தான். நாய் ஒத்துழைத்தது. அதுவும் ஒருவகையில் பொதுச்சேவை.

சனிக்கிழமை காலை பத்து மணி. மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு ஆவி பேசுவதை நூறு பேர் கேட்டால்தான் அடுத்த வாரம் நூறு பேர் டோக்கன் எடுப்பார்கள்; ஆகவே அங்கே அந்தரங்கம் என்ற வழக்கம் இல்லை. ஜன்னல்களில் கறுப்புத் துணி. முன்னால் ஒரு சாய்வு நாற்காலி, அதற்குப் பின்னால் ஒரு கனத்த திரை. இருட்டுப் பெட்டி திரைக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னார்கள்.

அவன் பக்கத்தில் பேக்கரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒட்டின உறை ஒன்றைக் கொடுத்தான்.

"சார், இதைக் கொஞ்சம் வெச்சிருங்க. நான் சொல்றப்ப பிரிச்சுப் படிங்க."

"என்ன, நேர்த்திக்கடனா?"

"கிட்டத்தட்ட."

மறுமொழியார் வந்தார். முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு சாய்ந்தார். கால் உதறியது. தொண்டை கரகரத்தது. பிறகு தாடி வைத்த அந்த மனிதரிடமிருந்து மெல்லிய பெண் குரல் ஒன்று புறப்பட்டது.

"என்னங்க... நான் வந்திருக்கேங்க..."

சித்திக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இவரை அவ என்னைக்குடா என்னங்கன்னு கூப்பிட்டா? வாடா போடான்னுதானே..."

"ஷ்ஷ்!" என்று மூன்று வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

"அந்தப் பக்கம் போனா எல்லாருக்கும் மரியாதை வந்துடும்மா," என்று வங்கி மேலாளர் அம்மாள் விளக்கினார். பட்டம் இரண்டு வாங்கியவர்.

குரல் தொடர்ந்தது. மூச்சு மருந்தை எந்தக் கடையில் வாங்கினாள் என்று சொன்னது. போன கோடையில் கடற்கரைக்குப் போகத் திட்டம் போட்டு, லீவு கிடைக்காமல் நின்றுபோனதைச் சொன்னது. தோழியின் குழந்தைக்குச் சிவப்புச் செருப்பு வாங்கியதைச் சொன்னது. மச்சான் தேம்பித் தேம்பி அழுதார். அவனுக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. அந்தக் கடற்கரை விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், அவர்கள் இரண்டு பேரின் செல்பேசிக்கும். இருட்டில் அவள் நிஜமாகவே உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கணம். அந்த ஒரு கணத்துக்குத்தான் அங்கே கட்டணம்.

"வீட்டைப் பத்திச் சொல்லும்மா," என்று மச்சான் விம்மினார்.

ஆவிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. டோக்கன் எடுத்தவர் பக்கமே பேசும்.

"அண்ணா சொல்றதைக் கேளுங்க... வீட்டை வித்துடுங்க... சித்தியை அண்ணா நல்லாப் பாத்துக்குவார்..."

சித்தியின் கை அவன் முழங்கையைப் பிடித்தது. ஊசி பிடித்துக் காய்த்த விரல்கள். எவ்வளவு ஏளனம் செய்தாலும், கூரை போகிறபோது கை எதையாவது பிடிக்கத்தான் செய்யும்.

அவன் எழுந்தான். "வேற ஏதாவது மனசுல குறை இருக்கா?"

முகத்துணிக்குள் குரல் உடைந்தது. தொழில் தெரிந்தவர், கடைசிக்கு என்று கண்ணீரை எடுத்து வைத்திருந்தார்.

"கர்னல்... என் கர்னல்... வாய் இல்லாத ஜீவன்... யாருங்க பாத்துப்பாங்க அவனை? செவ்வாய்க்கிழமை ஊசி போட்டீங்களா?"

கூடத்தில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"கர்னலா? அது யாரு?" என்றார் மச்சான்.

"என் நாய்ண்ணா... கறுப்புத் தங்கம்ணா அது..."

"நாய் வளர்த்தியாம்மா? எனக்குத் தெரியவே தெரியாதேம்மா! நான் பாவி, வந்து பாக்கவே இல்லையே!" மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்த நாய்?" என்று சித்தி எழுந்தே விட்டாள். அவளிடம் அவன் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. "டேய், நாய் முடி காத்துல பறந்தாலே அவளுக்கு மூச்சு முட்டுமேடா! எதிர்வீட்டு நாய்க்குப் பயந்து ஜன்னலையே திறக்க மாட்டாளே! எங்க வீட்டுல ஏதுய்யா நாய்?"

துணி லேசாக ஆடியது. பெண் குரலில் கொஞ்சம் தாடி முளைத்தது.

"அது... இங்க வந்தப்புறம் கிடைச்ச நாய்..."

"அப்படியா?" என்றான் அவன். "மேலுலகத்துல நாய்க்கு ஊசி செவ்வாய்க்கிழமைதான் போடறாங்களா? சார், அந்த உறையைப் பிரிங்க."

பேக்கரி அண்ணன் பிரித்தார். வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கறுப்புத் துணியை விலக்கினார். இரண்டு வருடத்தில் அந்தக் கூடத்துக்குள் வந்த முதல் வெயில் அது.

"'எங்கள் வீட்டில் நாய் இருந்ததே இல்லை. கர்னல் என்ற பெயரைத் திங்கட்கிழமை நான்தான் என் மனைவியின் செல்பேசியில் எழுதினேன். படத்தில் இருப்பது எங்கள் அலுவலகக் காவலாளியின் நாய். ஐயா கர்னலுக்காக அழுதால், அவர் பேசுவது என் மனைவியோடு அல்ல. அவள் செல்பேசியைத் திறந்து படித்துவிட்டுப் பேசுகிறார்.'"

சித்தி நடந்தாள். நேராகப் போய்த் திரையைப் பிடித்து இழுத்தாள். துணியை இழுத்துப் பழகின கை; திரை வளையத்தோடு வந்துவிட்டது.

இருட்டுப் பெட்டி எதுவும் இல்லை. நல்ல குழல் விளக்கு எரிந்தது. நீளமான மேசைமேல் பதினொரு செல்பேசிகள் வரிசையாகச் சார்ஜில் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் டோக்கன் எண். காதில் இயர்ஃபோன் மாட்டிய ஒரு பெண், எதையும் கவனிக்காமல், யாருடைய குரல் செய்தியையோ கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஊறுது போல," என்றார் டாக்சிக்காரர்.

அப்புறம் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. வங்கி மேலாளர் அம்மாள் குடையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலைச் சித்தி எடுத்தாள். பேக்கரி அண்ணன் வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'நல்ல நினைவோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும், நான் எழுதி வைக்கும் உயில்...'"

மறுமொழியாரின் உயில். நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. இரண்டு சாட்சி, முத்திரை, பதிவு எண். எழுதி மூன்று வருடம் ஆகியிருந்தது. எழுதிய மனிதரோ குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்யா," என்றாள் சித்தி, "எங்க வீட்டு விலாசம் தெரிஞ்ச சாவுக்கு உன் வீட்டு விலாசம் மட்டும் தெரியலையா?"

மறுமொழியார் பின்வாசல் பக்கம் நகர்ந்தார்.

கூட்டம் கலைந்தது. ஏமாந்தவர்கள் எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஒரு பெரியவர் படியிறங்கும்போது, "இவன் டூப்பு. பக்கத்து ஊர்ல அசல் ஒருத்தர் இருக்காராம்," என்று மற்றவரிடம் சொல்லிக்கொண்டு போனார்.

மச்சான் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். 

"சித்தி, மெஷின் அங்கேயே இருக்கட்டும். உன் காலம் வரைக்கும் வீட்டை விக்க மாட்டோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துடறோம். நாளைக்கே வக்கீலைப் பாக்கறேன்."

"இன்னைக்கே பாரு," என்றாள் சித்தி. "நாளைக்கு எழுதறேன்னு சொல்லிட்டுப் போனவங்களோட புள்ளைங்கதான் இத்தனை நாளா இந்த வரிசையில நின்னது. சாவுக்கு எவனோட விலாசமும் வேண்டாம்டா. உங்களுக்குத்தான் வேணும், உங்க மூளையோட விலாசம்."

வக்கீல் அலுவலகத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாட்சிக்குப் பேக்கரிக்காரர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நகல் எடுக்கப் போன குமாஸ்தாவுக்காகக் காத்திருக்கும்போது மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, அந்த ஆள் சொன்னதெல்லாம் போகட்டும். நெஜமா அவ கடைசியா என்ன சொன்னா?"

அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை அவள் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு நர்ஸுகளிடம் சாட்சிக்குப் பேசியும் வைத்திருந்தாள். அவன் வீட்டுக்குப் போனான். தாளை எடுத்தான். தேன் தடவிய அந்தக் குரல் காதில் கேட்டது. எத்தனையோ முறை கேட்டுச் சிரித்த குரல். இந்த நேரத்தில் அவள் கையெழுத்துப் போட்டால்? ஊரார் குடிக்கிற தண்ணீரில் எது இருக்கிறது, எது இல்லை என்று சான்று கொடுக்கிறவன், தாளைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினான். வெறும் கையோடு போய், மறந்துவிட்டதாகச் சொன்னான்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். முகமூடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் ஒன்று சொன்னாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

"நீ மறக்கலடா. பயந்துட்ட."